டேட்டாபேசுக்குக் கவ்வாத்து

தானாக முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வேலை தெரிந்தால் உலகத்து வேலையெல்லாம் தெரியும் என்று நினைப்பான். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, தெமோதரைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் நான். (முற்றிய தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டித் துளிர்க்க விடுவதுதான் கவ்வாத்து. என் வெட்டைப் பார்க்கத் தோட்டத்துத் துரையே ஜீப்பை நிறுத்துவார்.) இன்று பதுளையில் மூன்று மரக்கறிக் கடைகளுக்கு முதலாளி. (மூன்றாவது கொஞ்சம் சின்னது.)

வயதான காலத்தில் கம்ப்யூட்டரில் போக்கர் பிடித்துக்கொண்டது. காசுக்கு அல்ல, பொய்க்காசுக்கு. எதிராளி, பண்டாரவளைச் சம்பந்தி. தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்தையும் டேட்டாபேசில் சேர்த்து, எதிராளியின் குணத்தை அவர் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் புரோகிராம் ஒன்றை மாப்பிள்ளை பிரகாஷ் போட்டுத் தந்திருந்தார். வருடக்கணக்கில் சேர்ந்து அது ஊதிப் பெருத்தது. ஒரு சீட்டு விழுவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்துப் பேத்தியின் முதல் தீபாவளி வந்தது. யார் வீட்டில் என்று இழுபறி.

"ஆடிப் பாத்துருவோம் சம்பந்தி. ஜெயிக்கிறவங்க வீட்டுல தீபாவளி" என்றார் அவர். அவர் வாய் மூடுமுன் நான் சம்மதித்தேன். மறுநாளே தீபாவளி எங்கள் வீட்டில்தான் என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

டேட்டாபேசை இளைக்க வைக்க வழி கேட்டேன். "மொதல்ல ஒரு காப்பி எடுங்க மாமா. அப்புறம் பழைய ஆட்டத்தைத் தனியா ஒதுக்கி வைங்க. நீங்களா எதையும் அழிச்சிராதீங்க" என்றார் பிரகாஷ்.

"காப்பி அடிக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்துலயே இல்ல மாப்பிள்ளை" என்று போனை வைத்தேன்.

கவ்வாத்துக்காரனுக்குத் தெரியாதா, எது பட்ட கொப்பு என்று? நான் தோற்ற ஆட்டங்கள்தான். அத்தனையையும் அழித்தேன். அப்படியும் எடை குறையவில்லை. சுருக்குவதற்கென்று இன்னொரு பட்டன் இருந்தது, அதையும் அமுக்கினேன். டேட்டாபேஸ் விரதம் இருந்தவனைப் போல ஒட்டிப்போனது. திறந்தால், என் வெற்றிக் கோடு நமுனுகுல மலைபோல ஏறிக்கொண்டே போகிறது!

"சரோஜா, இங்க வந்து பாரு. நான் ஒரு தடவகூடத் தோத்ததில்ல!"

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "போன வாரம் தோத்துட்டு, சோறு வேணாம்னு படுத்தது யாருங்க? கவ்வாத்துல கூட மூச்சு விட ஒரு கொப்ப விட்டு வைப்பாங்களே. நீங்க என்னத்த வெட்டுனீங்க?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் நடந்தது. பாதியில் சம்பந்தி தன்னிடம் இருந்ததை எல்லாம் மொத்தமாக முன்னால் தள்ளினார். இந்த ஆள் பெரிதாகக் கட்டினால் பொய்தான் என்று அடித்துச் சொன்னது புரோகிராம்.

"யோசிச்சு வைங்க சம்பந்தி. சீட்டு நெசமாவே நல்லாருக்கு" என்றார் போனில். (நல்ல மனுஷன்.)

"ஒங்க பொய்யெல்லாம் எங்கிட்ட பதிவா இருக்கு சம்பந்தி!" என்று நானும் முழுவதையும் தள்ளினேன், ஒரே ஒரு சோடி ஏழாம் நம்பர் சீட்டை நம்பி.

அவரிடம் மூன்று ராஜா.

போனில் மெதுவாக, "வரும்போது அதிரசம் கொண்டாந்துருங்க" என்றார்.

பிரகாஷ் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "மாமா, இதுல அப்பா ஒங்ககிட்ட தோத்த ஆட்டம் மட்டுந்தானே இருக்கு? அவரு நல்ல சீட்டோட வந்ததெல்லாம் இதுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சுருக்குற பட்டனையாவது விட்டிருந்தீங்கன்னா கொஞ்சம் மீட்டிருக்கலாம்."

மடியில் அதிரசச் சட்டியோடு பண்டாரவளை பஸ் ஏறினேன். வழியனுப்பப் பஜாரே வந்திருந்தது.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் முதல் லொறி வாங்கிய வீரக்கதையைத் தொடங்கினாலே, "தாத்தா, இது கவ்வாத்துக்கு முந்துன கதையா, பிந்துன கதையா?" என்கிறாள். வீடே சிரிக்கிறது.

இந்தக் கட்டுரையைச் சரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

"மூணாவது கடையா? படிக்கட்டுக்குக் கீழ கெடக்குற ரெண்டு வெங்காய மூட்டையத்தானே சொல்றீங்க?"