பன்னிப் பண்ணைக்குப் பின்னாடி எலிப்பாதை

அந்தத் திங்கக்கெழமை காலைல பல்லு வெளக்கிக்கிட்டே ஒரு பெரிய முடிவு எடுத்தேன். இனிமே என் பொண்டாட்டி மூஞ்சிய சூரிய வெளிச்சத்துல பாக்கணும்.

சிரிக்காதீங்க. வீடு நைரோபிக்கு வெளில, ரொங்காய்ல. வேலை நைரோபிக்கு அந்தப் பக்கம், ஒரு பெயிண்ட் குடோன்ல. காலைல அஞ்சு மணிக்கு அவ தூங்கறப்பவே கெளம்பிடுவேன், ஏன்னா ஜாம். சாயங்காலம் எட்டேகாலுக்கு வந்து சேருவேன், ஏன்னா ஜாம். பதினோரு வருஷமா வயூவாவ நான் பல்பு வெளிச்சத்துலதான் பாத்துட்டிருக்கேன். ஞாயித்துக்கெழமை பாக்கலாமேன்னு கேப்பீங்க. ஞாயித்துக்கெழமை சர்ச்சு. எங்க பாஸ்டரோட பிரசங்கமும் ஒரு ஜாம்தான், ஆரம்பிச்ச எடத்துலயே நிக்கும். ஒரே பொண்ணு மூமோ, அவளும் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டா.

இப்ப ஒரு உண்மையச் சொல்றேன், நமக்குள்ள இருக்கட்டும். அந்த ஜாம்ல பாதி ரோட்டு ஜாம். மீதி என் வாய் ஜாம்.

எங்க ஊர் ஆம்பளைங்க வேலை முடிஞ்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டிய எடுக்க மாட்டாங்க. "ஜாம் மொதல்ல வீட்டுக்குப் போகட்டும், நாம பின்னாடி போவோம்"னு சொல்லிட்டு பீர் கடைல உக்காந்துடுவாங்க. நாங்க நாலு பேரு. சரியா ஆறு மணிக்கு நான் எந்திரிச்சு கக்கூஸ் பக்கம் போய், கதவச் சாத்திட்டு வயூவாவுக்கு போன் போடுவேன்.

"எங்க இருக்கீங்க, மூமோ அப்பா?"

"எங்க இருப்பேன்? பாலத்துக்குக் கீழ. நீயே கேளு."

கேளுன்னு சொல்லிட்டு போன கொஞ்சம் தள்ளிப் புடிப்பேன். பீய்ங்... பீய்ங்... "ரொங்காய் ரொங்காய் ரொங்காய், ரெண்டு சீட்டு, ரெண்டு சீட்டு, ஏறும்மா, பையத் தூக்கு." அது மட்டாட்டு வேன் கண்டக்டர். "கடல, கடல, சூடான கடல." அது கடலைக்காரன். டுர்ர்ர்... பொஸ்ஸ்ஸ். அது லாரி பிரேக்கு. எல்லாம் நான்தான். சின்ன வயசுலேருந்தே எனக்கு எந்தச் சத்தமும் வாய்ல வந்துடும். படிப்புதான் வரல.

"ஐயோ பாவம். மெதுவா வாங்க"ம்பா.

அப்படித்தான் நல்லாப் போயிட்டிருந்துச்சு. அப்புறம் ஒருத்தனுக்கு எல்டொரெட்டுக்கு மாத்தலாச்சு. இன்னொருத்தனுக்கு டாக்டர் சக்கரைன்னு சொல்லிட்டாரு. கடசில மிஞ்சினது பராசா. அவன் போன மாசம் சர்ச்சுல ரட்சிக்கப்பட்டு, குடிய விட்டுட்டான். இப்ப என்னப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நடக்கறான். மிச்சம் நானு, ஒரு பாட்டிலு, சத்தமே வராத ஒரு டிவி.

பீர் பரிமாறுற பொண்ணு கேட்டா, "யாருக்காச்சும் காத்துட்டிருக்கீங்களா, அங்கிள்?"

"ஜாம் கொறையட்டும்னு உக்காந்திருக்கேன்."

"கொறஞ்சு அர மணி நேரமாச்சே."

அங்கிள்னு சொன்னதவிட அதுதான் குத்திச்சு. அது சனிக்கெழமை சாயங்காலம். திங்கக்கெழமை காலைல பல்லு வெளக்கறப்பதான் அந்த முடிவு.

சாயங்காலம் அஞ்சு மணி, அஞ்சு நிமிஷத்துக்கு ரோட்டுல இறங்கிட்டேன். இறங்கினேன், நின்னேன். முன்னாடி ஒரு தண்ணி லாரி. ரொங்காய்ல குழாயத் தொறந்தா காத்துதான் வரும், அதனால அந்த லாரிக்காரன் ஒரு நாளைக்கு பத்து நட அடிப்பான். அவன் ஜாம்ல நின்னு நான் பாத்ததே இல்ல. திடீர்னு இடது பக்கம் ஒரு மண்ணு ரோட்டுல திருப்பினான். நானும் திருப்பினேன். பன்னிப் பண்ணைக்குப் பின்னாடி போனோம். வண்டிக்குள்ள அடிச்ச வாசனைல என் மீசையே சுருண்டுக்கிச்சு. கல்லு குவாரியச் சுத்தினோம். ஆத்து மேல ஒரு பலகைப் பாலம், பல்லுப் போன கெழவன் மாதிரி கடகடன்னுச்சு. அப்படியே ஏறினா ஒரு கான்வென்ட் மதில், ஒரு வளைவு, அந்தா எங்க தெரு.

அஞ்சு நாப்பது. வெயில் இன்னும் கூரை மேல உக்காந்திருக்கு.

இந்த மாதிரி வழிக்கு எங்க ஊர்ல எலிப்பாதைன்னு பேரு. தெரிஞ்சவன் பெத்த தாய்கிட்டகூட சொல்ல மாட்டான். சொன்னா மறுநாளே அது ஆனப்பாதை.

வழில ரெண்டு மாம்பழம் வாங்கிக்கிட்டு, தலையச் சீவிக்கிட்டு, மாப்பிள்ள மாதிரி வாசல்ல நின்னேன். கதவுல பூட்டு.

என் சாவியப் போட்டு உள்ள போனேன். வீடு கம்முனு கெடக்கு. அடுப்பத் தொட்டா ஜில்லுனு இருக்கு. எங்க போனா? அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே போன் போட்டேன்.

"வயூவா, எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? அடுப்பு முன்னாடி நிக்கிறேன். உகாலிக் களி கிண்டிட்டிருக்கேன். நீங்களே கேளுங்க."

டொக், டொக், டொக். சட்டில கரண்டி தட்டற சத்தம். சர்ர்ர்னு தாளிக்கிற சத்தம் வேற. நான் சட்டியப் பாத்தேன். சட்டி ஆணில தொங்குது. கரண்டியப் பாத்தேன். கரண்டி டப்பால நிக்குது.

"நீங்க எங்க?"ன்னா.

வீட்டுலதான்னு சொல்லிருக்கணும். சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? "நாப்பது நிமிஷத்துல வந்துட்டீங்களே, அப்ப பதினோரு வருஷமா எங்க இருந்தீங்க?" என் மூளை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வாய் கெளம்பிடுச்சு. பீய்ங்... பீய்ங்... "ரொங்காய் ரொங்காய், ரெண்டு சீட்டு."

ஆக, அவ இல்லாத அடுப்புல களி கிண்டறா. நான் இல்லாத ரோட்டுல ஹாரன் அடிக்கிறேன். சொந்த வீட்டுச் சமையக்கட்டுல, கைல ரெண்டு மாம்பழத்தோட.

ஏழேமுக்காலுக்கு கேட்டு சத்தம் கேட்டுச்சு. பின்வாசல் வழியா நழுவி, கறிக்கடைக்குப் பின்னாடி மொதல்லயே நகத்தி மறச்சு வச்சிருந்த வண்டில போய் உக்காந்துட்டேன். எட்டேகாலுக்கு, முதுகப் புடிச்சுக்கிட்டு, முனகிக்கிட்டு உள்ள வந்தேன். ஆவி பறக்கக் களி. கீரை. அவளும் அப்பதான் நெத்தி வேர்வையத் தொடைக்கிறா.

"ஜாம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப மோசம்."

"பாவம். இந்த மாம்பழம் யாரு வச்சது?"

"மாம்பழமா? எந்த மாம்பழம்?"

செவ்வா, புதன், வியாழன். மூணு நாளும் இதே கூத்து. லைட்டு போட்டா வெளில தெரிஞ்சிடும்னு இருட்டுல சோபாவுல உக்காந்திருப்பேன். பக்கத்து வீட்டு ரேடியோவுல எந்த ரோட்டுல எவ்வளவு ஜாம்னு சொல்லுவான். எங்க ரோட்டுப் பேரு வர்றப்ப, அங்க நிக்கிறவங்க மேல ஒரு பொறாமை வரும் பாருங்க. பக்கத்து வண்டிக்காரனயாச்சும் திட்டலாம். இங்க திட்டக்கூட ஆளில்ல. மூமோவோட பழைய யூனிஃபாரம் ஆணில தொங்கிச்சு, அதுக்குக் கொஞ்ச நேரம் கடலைக்காரன் குரல்ல கதை சொன்னேன். அதுவும் சிரிக்கல.

வியாழக்கெழமை வெளில நழுவறப்ப, எங்க காம்பவுண்டு வாச்மேன் லெமாயன் தடியோட வழில நின்னான்.

"பாஸ், நாலு நாளா உங்க வீட்டுக்குள்ள ஒரு திருடன் வந்து போறான்."

"அப்படியா? எப்படி இருந்தான்?"

"உங்கள மாதிரியே. ஆனா எதுவும் எடுக்கல. ரெண்டு மாம்பழம் வச்சிட்டுப் போனான். இப்படியொரு திருடன நான் பாத்ததில்ல."

"லெமாயன், உன்ன ஒண்ணு கேக்கறேன். அம்மா சாயங்காலத்துல எங்க போறாங்க?"

"எனக்கு கேட்டு வரைக்கும்தான் வேலை, பாஸ். கேட்டுக்கு அந்தப் பக்கம் நடக்கறது எனக்குத் தெரியாது." தடிய மாத்திப் புடிச்சான். "ஆனா சிரிப்புச் சத்தம் எனக்கு இங்கேயே கேக்கும். எந்தப் பக்கத்துலேருந்துன்னு நீங்களே காத வச்சுக் கேளுங்க."

வெள்ளிக்கெழமை அஞ்சு நாப்பத்தஞ்சுக்கு காத வச்சேன். கேட்டுச்சு. தெருக்கோடில நியாபோக்கேயோட முடி பின்ற கடை. தகரக் கொட்டாயி, ரோஸ் கலரு. பக்கத்துலயே கரி மூட்டை அடுக்கிருக்காங்க. மூட்டைக்குப் பின்னாடி பதுங்கி, ஜன்னல் வழியா ஒத்தக் கண்ணால பாத்தேன்.

நாலு பொம்பளைங்க. நடுவுல என் வயூவா. கைல டீ. அவ சிரிச்சிட்டிருந்தா. சும்மா சிரிப்பில்ல, தல பின்னாடி சாயற சிரிப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ பாத்தது. அது இன்னும் அவகிட்ட இருக்குதுன்னே எனக்குத் தெரியாது.

"மணி ஆறாச்சு. உன் வீட்டுக்காரர் ஜாம் இன்னும் வரலயே"ன்னா நியாபோக்கே.

"லேட்டு. இருங்க, நானே போடறேன். எல்லாரும் கிட்ட வாங்க, ஸ்பீக்கர்ல வைக்கிறேன். அந்தத் தகரப் பேசினையும் சீப்பையும் ரெடியா வையுங்க."

என் பாக்கெட்டு நடுங்கிச்சு. நல்ல வேளை, சத்தத்த அணைச்சு வச்சிருந்தேன். மூட்டைக்கு நடுவுல படுத்துக்கிட்டு எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க, மூமோ அப்பா?"

என்ன பண்ணச் சொல்றீங்க? பீய்ங்... பீய்ங்...

கொட்டாயே குலுங்கிச்சு. என் ஹாரன் என் வாய்லேருந்து ஒரு தடவ, ஸ்பீக்கர்லேருந்து ஒரு தடவ. உள்ள ஒருத்தி, "இன்னைக்கு ரொம்பக் கிட்ட கேக்குதே"ன்னா.

"கெட்டிக்காரரு. நாளுக்கு நாள் தேறிட்டு வர்றாரு"ன்னா வயூவா. நியாபோக்கே பேசின்ல சீப்பால டொக் டொக்னு தட்டினா. இன்னொருத்தி "சர்ர்ர்"னு வாயாலயே தாளிச்சா. என் வீட்டுச் சமையல் மொத்தமும் இதுதான்.

போன வச்சதும் நியாபோக்கே கேட்டா, "உனக்குக் கோவமே வராதாடி? பதினோரு வருஷமா பொய்."

"மொத ரெண்டு வருஷம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். பீர் கடைல உக்காந்திருக்கிற மனுஷன், டான்னு ஆறு மணிக்கு என்னை நெனச்சு, எனக்காக அஞ்சு நிமிஷம் தொண்ட கிழியக் கத்தறாரு. உங்க வீட்டுக்காரங்க யாராச்சும் கத்தறாங்களா?"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மூக்கச் சிந்தினேன், கரி அப்பிக்கிச்சு. அதுக்கப்புறம் அவ இன்னும் ஏதோ சொன்னா: இந்த ரெண்டு மணி நேரந்தான் தனக்கே தனக்குன்னு இருக்கு, அந்த மனுஷன் குறுக்கு வழி எதையாச்சும் கண்டுபுடிச்சுட்டா தன் கதி என்னன்னு. நான் மூக்கு சிந்தறதுல மும்முரமா இருந்ததுல அது காதுல விழுந்துச்சு, மண்டைல ஏறல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டா, "சட்டைல என்ன கரி?"

"லாரிப் புகை."

"பாவம். ரொம்பக் கிட்ட போய் நின்னுட்டீங்க போல."

சனிக்கெழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்துல தொண்டையக் கனைச்சேன். பீர் கடை கதையும் கரி மூட்டை கதையும் வேண்டாம், நல்ல சேதிய மட்டும் சொல்லிடுவோம்னு.

"வயூவா, ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கேன். திங்கக்கெழமைலேருந்து அஞ்சே முக்காலுக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். ரெண்டு பேரும் வெளில நாற்காலி போட்டு டீ குடிப்போம்."

ஒரு கணம் கரண்டி நின்னுச்சு. அப்புறம் அவ மூஞ்சில என்ன பூரிப்புங்கறீங்க.

"நெஜமாவா? எந்த வழி? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

பதினோரு வருஷத்துல என் டிரைவிங்கப் பத்தி அவ கேட்ட மொதக் கேள்வி. உச்சி குளுந்துடுச்சு. தட்டுலயே படம் போட்டேன். களிய உருட்டி குவாரி. கீரைய இழுத்து ஆறு. எலும்புத் துண்டு பாலம். பன்னிப் பண்ணைக்கு ஒரு அவரைக்கொட்ட. கட்ட வெரலால களில ஒரு அமுக்கு, அது நம்ம வீடு.

"இங்க இடதா?"

"இடது."

"மழை பெஞ்சா சேறா இருக்குமா?"

"லாரியே போகுது."

"எவ்வளவு மூளை உங்களுக்கு"ன்னு சொல்லி, போன எடுத்து தட்ட ஒரு போட்டோ புடிச்சா. "மூமோவுக்குக் காட்டணும்."

திங்கக்கெழமை மூணு மாம்பழம் வாங்கினேன். பாட்டு பாடிக்கிட்டே பன்னிப் பண்ணைகிட்ட இடது திருப்பினேன். திருப்பினேன், நின்னேன்.

முன்னாடி வண்டி. அதுக்கு முன்னாடி வண்டி. குவாரி வரைக்கும் வண்டி. பலகைப் பாலத்துல ஒரு மட்டாட்டு வேன் குறுக்கால மாட்டிட்டு நிக்குது. தண்ணி லாரிக்காரன் கூரை மேல ஏறி நின்னு ஊரையே சபிச்சிட்டிருக்கான். எனக்குப் பின்னாடியும் அடச்சுட்டாங்க. பன்னி மட்டும் எங்களப் பாத்து மூக்கப் பொத்திக்கல, அவ்வளவுதான்.

முன் வண்டிக்காரர்கிட்ட இறங்கிப் போய்க் கேட்டேன், "அண்ணே, இந்த வழி உங்களுக்கு யாரு சொன்னது?"

"எங்க வீட்டம்மாவுக்கு முடி பின்ற கடை குரூப்புல வந்துச்சு, தம்பி. சனிக்கெழமையே. அங்கேருந்து சர்ச்சு குரூப்பு, பள்ளிக்கூட குரூப்பு, எல்லாத்துக்கும் போயிருக்கு. எந்தப் புண்ணியவதியோ, படமே போட்டு அனுப்பிருக்கா."

போனக் காட்டினாரு. என் தட்டு. என் குவாரி. என் அவரைக்கொட்ட. களில என் கட்ட வெரல் ரேகை பளிச்சுனு தெரியுது.

வண்டில வந்து உக்காந்தேன். மணி ஆறு. டான்னு போன் அடிச்சுச்சு.

"எங்க இருக்கீங்க, மூமோ அப்பா?"

நான் வாயே தெறக்கல. கண்ணாடிய இறக்கி, போன வெளில நீட்டினேன். அசல் ஹாரன், அசல் கண்டக்டர், அசல் லாரி பிரேக்கு, கூட நெசமான பன்னி. இந்த ஒரு நாளாச்சும் நான் பொய் சொல்லலன்னு அவளுக்குத் தெரியட்டும்.

அந்தப் பக்கம் நாலஞ்சு பேரு குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. வயூவா தொண்டையக் கனைச்சா.

"சுமார்தான். வெள்ளிக்கெழமை கரி மூட்டைல படுத்துக்கிட்டு ஒரு ஜாம் போட்டீங்களே, அத இன்னொரு தடவ போடுங்க, எல்லாரும் கேக்கறாங்க."