வண்டிக்கு நாடி பார்ப்பவர்

மனிதர்களில் இப்படி ஓர் இனம் உண்டு. பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருப்பார்கள். சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், வரிசையில் நின்றால் முணுமுணுப்பார்கள். சொந்தக் காரில் ஏற்றி உட்காரவையுங்கள், அப்போது சாயம் வெளுக்கும். தலை ஒரு பக்கம் சாயும். கண் பாதி மூடும். "உஸ்… கேக்குதா?" என்பார்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. கேட்கக் கூடாது என்பதுதானே அவர்களுடைய ஆசையும்!

இந்த இனத்தின் அசல் சரக்கு ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன். தொழில், பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். சக ஆசிரியர்கள் வைத்த பெயர், வைத்தியர். அவரிடம் பதினோரு வயதான சாம்பல் நிறக் கார் ஒன்று இருந்தது. "வண்டியக் கையாலயா ஓட்டுறது? முதுகால ஓட்டணும்" என்பது அவருடைய கொள்கை. இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறும் அதிர்வை வைத்தே எந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். காற்று அடிக்கும் இடத்துக் கருவி வேறொன்று சொல்லும். கருவி பழசு என்பார்.

காலையில் காரைக் கிளப்பியதும் புறப்பட்டுவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? கீழே இறங்கி, முன்னால் போய் நின்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் இன்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் சோர்வா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். முதல் தெருமுனைவரை ரேடியோ கூடாது. பேச்சு கூடாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் மகள் இருமவும் கூடாது.

"பின்பக்கம் ஏதோ தட்டுது. நல்லாக் கேளு, உலோகச் சத்தம்."

"அது என் சாப்பாட்டு டப்பால இருக்குற ஸ்பூன்ப்பா."

ஸ்பூனை வெளியே எடுத்த பிறகும் தட்டுவதாகத்தான் அவர் சொன்னார்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மெக்கானிக்கிடம் தரிசனம். "இடது பின் சக்கரத்துல ஒரு முனகல். வலியால முனகுற மாதிரி இல்ல, சலிச்சுக்கிட்டு முனகுற மாதிரி." மெக்கானிக் நல்ல மனிதர். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்பார், சாவியை வாங்குவார், தெருமுனை டீக்கடைவரை ஓட்டிப்போய் ஒரு டீ குடித்து, பேப்பரில் விளையாட்டுச் செய்தியைப் படித்துவிட்டுத் திரும்புவார். "பிடிச்சுட்டேன் சார். இப்ப ஓட்டிப் பாருங்க." வைத்தியர் ஓட்டிப் பார்ப்பார். "அடடா! வெண்ணெய்!"

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் நான்கு நாள் அந்தக் காரை ஓட்டுபவர் அவர்தான். அவருக்குக் காரைப்பற்றிக் கொள்கை ஒன்றும் கிடையாது. வேலைக்குப் போகவேண்டும், வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

"ஏங்க, பிரேக் முன்ன மாதிரி இல்ல. ரொம்பக் கீழ போய்த்தான் பிடிக்குது."

வைத்தியர் புன்னகை செய்தார். இந்த இனத்தின் புன்னகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் பெஞ்சுப் பையன் தப்பான விடை சொல்லும்போது வாத்தியார் முகத்தில் வருமே, அது.

"அது பிரேக் இல்லம்மா. பின் சக்கரத்துல முனகல் இருக்குல்ல, அதனால வண்டி மனசில்லாம நிக்குது."

"மனசில்லாமயா?"

"உனக்குப் புரியாது."

"கால்ல தெரியுதுங்க எனக்கு."

"கால நம்பாத. முதுகக் கேளு."

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போனார். முனகலைப்பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பிரேக் என்ற வார்த்தையை வாயால் சொல்லவில்லை. கற்றுக்குட்டியின் சந்தேகத்தைப் போய் நிபுணர்கள் பேசும் இடத்தில் சொல்வதா? மெக்கானிக் டீ குடித்துவிட்டு வந்தார். வண்டி வெண்ணெய் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை மகளுக்குத் தேர்வு. மனைவி ஓட்டினார், வைத்தியர் பக்கத்தில், மகள் பின்னால். வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஒரே இறக்கம். இறக்கத்தின் அடியில் சிக்னல், சிக்னலில் பஸ்களும் லாரிகளும். பக்கக் கண்ணாடி லேசாக அதிர்வதன் உட்பொருளை வைத்தியர் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை.

"பிரேக் போச்சு. பெல்ட்டப் பிடிச்சுக்கங்க."

அவ்வளவுதான் சொன்னார். காலால் மிதியைக் குத்திக் குத்தி எடுத்தார். கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்; இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தார். பஸ்ஸின் பின்பக்கம் கண்ணாடி முழுக்க வளர்ந்துகொண்டே வந்தது. சிக்னலுக்கு முன்னால் இடதுபுறம் மேடாக ஏறும் ஒரு சந்து, அதில் திருப்பினார். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில் மூக்கைச் செருகிக்கொண்டு கார் நின்றது.

வைத்தியரின் முதுகு? ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு வருஷம் ஊர்க்கதையெல்லாம் சொன்ன முதுகு, சொல்லவேண்டிய நேரத்தில் வியர்த்ததோடு சரி. அவர் மெல்லப் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்காலைத் தொட்டார், மறுபடி தொட்டார்.

மெக்கானிக் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். முதல் வேலையாக மகளைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வந்தபோது விரலெல்லாம் பிசுபிசு.

"பிரேக் ஆயில் கசிஞ்சிருக்கு. நாலஞ்சு நாளாவே மிதி ஆழமாப் போயிருக்குமே. யாருமே கவனிக்கலையா?"

வைத்தியர் மனைவியைக் காட்டினார்.

"இவ சொன்னா. வியாழக்கிழமையே சொன்னா."

"எங்கிட்ட முனகல்னுதானே சார் சொன்னீங்க?" என்ற மெக்கானிக் தலையைத் தொங்கப்போட்டார். "தப்பு என் மேலயும் இருக்கு. நான் டீக்கடை வரைக்கும்தான் சார் போனேன். எப்பவுமே அவ்வளவுதான் போவேன்."

வைத்தியருக்கு அந்த வார்த்தை பிரேக் போனதைவிடப் பலமாக இறங்கியது. எத்தனை வெண்ணெய்! பிறகு மனைவியிடம், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, கேட்டார்:

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தினம் மிதிக்கிறேன்ல?"

ஒரு வாரம் வீட்டில் அமைதி. ரேடியோ பாடியது. மகள் இஷ்டம்போல் இருமினாள். மெக்கானிக்கிடம் மனைவியே போனார். மெக்கானிக்கும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபிறகுதான் பேசினார். வைத்தியர் திருந்திவிட்டார் என்று முடித்துவிடலாம். எனக்கும் ஆசைதான்.

எட்டாம் நாள் சக ஆசிரியர் ஒருவரின் வீட்டில் விருந்து. பேச்சு மணல்மேட்டுக்கு வந்தது. வைத்தியர் நாற்காலியில் சாய்ந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"எனக்கு நாலு நாள் முன்னாடியே தெரியும்" என்று ஆரம்பித்தார். "வண்டி ஏதோ சொல்ல வருதுன்னு…"

சுற்றியிருந்தவர்கள் மனைவியைப் பார்த்தார்கள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஆமா, இவருக்கு அப்பவே தெரியும். நான் சொன்னேனே."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வைத்தியரும்தான் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கும் அந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றுகிறதல்லவா? ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். கடைசியாக உங்கள் காரை வேறொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனீர்களே, அன்றைக்கு வழிநெடுக உங்கள் வலது கால் எதை மிதித்துக்கொண்டிருந்தது?