மச்சானின் விமானத்துக்குப் பதினோரு சன்னல்

எல்லாவற்றையும் சரிபார்க்கிறவன் ஒருவன் வீட்டில் இருந்தால், அவனை யாரும் சரிபார்ப்பதில்லை. எந்தக் குடும்பத்துக்கும் இது ஆபத்து. எங்கள் குடும்பத்தில் அந்த ஆபத்தின் பெயர் நான்.

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் பதினாறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பெயர், ஊர், வயது மூன்றும் தப்பாக அச்சேறக் கூடாது என்பதுதான் என் வேலை. (இறந்தவர் பெயரையும் இரங்கல் தெரிவித்தவர் பெயரையும் இடம் மாற்றிப் போட்ட சக ஊழியரை ஒரு வாரம் கேலி செய்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) பிறகு என் மனைவி செல்விக்குப் புனேயில், மகர்பட்டாவில் வேலை கிடைத்தது. அவள் பிறந்து வளர்ந்த ஊர்தான். அங்கேயே கோந்த்வாவில் குடியேறினோம். இங்கே தமிழ் உதவி ஆசிரியரைத் தேடி யாரும் அலையவில்லை. ஆகவே நாற்பத்து நான்கு வயதில், கணினியில் இயந்திர பாகங்களை வரையும் கேட் மென்பொருளை வீடியோ பார்த்துக் கற்க ஆரம்பித்தேன். செல்வி ஆபீஸ் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நட்டு, போல்ட்டு, வாஷர் வரைவேன். வெளியே மழை பெய்யும். யாருக்கும் அந்த வாஷர் தேவைப்படவில்லை.

செல்வியின் அண்ணன் மாடசாமி, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். வயது ஐம்பத்திரண்டு. பால்சா என்ற லேசான மரத்தில் மாதிரி விமானம் செய்து ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ரிமோட்டில் பறக்க விடுவது அவருடைய ஒரே ஆடம்பரம். அந்த ஜூனில் அவர் பழைய போர் விமானம் ஒன்றைச் செய்து முடித்து எங்கள் வீட்டு சோபாவில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெளியே போய்விட்டு வந்த நான், பார்க்காமல் ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் வைத்தேன்.

உடைந்தது கேனபி. விமானி தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடிக் கூரை. இதில் வளைவே கிடையாது. பதினோரு தட்டையான சன்னல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் மடிந்து நிற்கும்.

"விடும் மாப்ள. அட்டைய வெட்டி அளவு பாத்து ஒரு மணி நேரத்துல செஞ்சிரலாம்" என்றார் மச்சான்.

"வேண்டாம் மச்சான். நான் கேட்ல போட்டுத் தர்றேன். துல்லியமா இருக்கும்."

ஒரு மணி நேர வேலையை ஒன்பது நாள் செய்தேன். விமானத்தின் படத்தைப் பின்னணியில் வைத்து, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு புள்ளி குத்தி, புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. சன்னல்களைத் தட்டையாக விரி என்றால் மென்பொருள் மறுத்தது. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாற்காலிக்கு ஒரு கால் மயிரிழை குட்டையானாலும் ஆடும். என் சன்னல்களில் ஏழு அப்படி ஆடின. நான்காவது மூலை மற்ற மூன்றும் இருக்கும் தளத்தில் இல்லை. மூலைகளை அழித்துவிட்டு, முதலில் தளங்களைப் போட்டு, தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே விளிம்பு என்று விட்டபோது எல்லாம் சரியானது. இடது பாதியை வரைந்து வலப்பக்கம் பிரதி எடுத்தேன். பதினோரு சன்னலும் ஒரே துண்டாக விரிந்தன. முப்பத்தெட்டு சென்டிமீட்டர் நீளம்.

கேம்ப் என்ற கடைத்தெருப் பகுதியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் கண்ணாடி பிளாஸ்டிக் தாள் ஏ-ஃபோர் அளவில்தான் கிடைத்தது. வரைபடத்தை இரண்டாக வெட்டியிருந்தால் தாராளமாகப் போதும். ஆனால் ஒட்டுப் போட்ட கேனபியை நான் விரும்பவில்லை. முதல் பக்கச் செய்தி ஏழாம் பக்கத்தில் தொடர்வதுபோல அது எனக்குப் பட்டது.

எக்ஸ்ரே படத்தை ப்ளீச்சில் ஊறப்போட்டால் கறுப்பு உரிந்து, லேசான நீலத்தில் பளிங்குபோல ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நெஞ்சு எக்ஸ்ரே நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். குடும்பத்தின் மருத்துவக் காகிதங்கள் எல்லாம் எங்கள் வீட்டு லாஃப்டில், ஒரே சூட்கேஸில் இருந்தன. முந்தின வருடம் காலமான மாமனாரின் எக்ஸ்ரேயும் அதில்தான் இருந்தது.

செல்வியிடம் கேட்டேன். "எடுத்துக்கிடுங்க. அண்ணன் ப்ளேனுக்குன்னா அப்பாவே குடுத்திருப்பாக. பேரைப் பாத்து எடுங்க, என்ன?"

பேரைப் பார்த்து எடுக்கச் சொல்கிறாள். என்னிடம்.

உறையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் 'கணேசன் மாடசாமி', இன்னொன்றில் 'மாடசாமி கணேசன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. மாமனார் பெயர் கணேசன். அவருடைய அப்பா மாடசாமி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கப்படி மச்சானும் மாடசாமி. இனிஷியலோடு நிற்கும் பெயர்களை இந்த ஊர்ப் படிவங்கள் ஒத்துக்கொள்ளாது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். அப்பா பெயரை அங்கே எழுதிவிடுவோம். ஆக, அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் புரட்டிப் போட்ட பெயர்களோடு இருந்தார்கள்.

சாதாரண மனிதன் முன்னால் இருப்பதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு பிழைத்திருப்பான். நான் யோசித்தேன். மராட்டியத்தில் வாக்காளர் பட்டியல் முதல் பள்ளிக்கூடப் பதிவு வரை குடும்பப் பெயரை முதலில் எழுதுவது உண்டு. எனவே 'மாடசாமி கணேசன்' என்றால் குடும்பப் பெயர் மாடசாமி, ஆள் கணேசன். மாமனார்! எனக்கே என்னைப் பிடித்துப்போனது. மூலையில் வயது அச்சாகியிருந்திருக்கும். தர்க்கம் கையில் இருக்கும்போது வயதை யார் பார்ப்பார்கள்? படத்தை வாளிக்குள் விட்டேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்து தண்ணீர் சாம்பல் நிறமானது.

கேனபி இம்மியளவு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அடியில் பாட்டரி இருப்பதால் கழற்றி மாட்டும்படி செய்திருந்தேன். மச்சான் நாலு முறை கழற்றி மாட்டினார். "ஏக்தம் ஃபிட், மாப்ள! நீரு நம்ம ஃபேக்டரில சேர்ந்துரும்." ஊரை விட்டு வந்ததிலிருந்து என் வேலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை.

மூன்று வாரம் கழித்துத் தொழிற்சாலையில் வருடாந்திர உடல் பரிசோதனை நடந்தது. அந்த வருடம்தான் முதல் முறையாக நெஞ்சு எக்ஸ்ரேயையும் அதில் சேர்த்திருந்தார்கள். மச்சானின் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு புள்ளி தெரிந்தது. கேம்ப்பில் நெஞ்சு டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு, நனைந்த குடையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் கலக்கமே இல்லை.

"பதினோரு வருசத்துக்கு முன்னால நிமோனியா வந்துச்சுல்லா, அப்பவே ஏதோ புள்ளி இருக்குன்னு சொன்ன ஞாபகம். ரிப்போர்ட்டு தொலஞ்சுட்டு. எக்ஸ்ரே எடுத்த எடத்துல காப்பி இல்லங்கான். ஆனா படம் இருக்கு. அதுலயும் புள்ளி இருந்தா பழைய தழும்பு, சோடுதோ, விட்டுரும்னு சொல்லிட்டாரு டாக்டர். இல்லன்னா நெஞ்சுல ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கணுமாம், புத்துநோயான்னு. செல்வி, அந்த சூட்கேஸை எடு."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு டம்ளரும் குடித்தேன்.

"இது அப்பாதுல்லா" என்று மச்சானின் குரல் கேட்டது. "கணேசன் மாடசாமி. என்னது எங்க?"

செல்வி என்னைக் கூப்பிடவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடும்பப் பெயர், வாக்காளர் பட்டியல், தர்க்கம். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகக் கேட்டது. வெட்டிய ஓரங்கள் எப்போதோ குப்பை வண்டியில் போய்விட்டன. மச்சான் வீட்டுக்குப் போய்க் கேனபியைக் கழற்றி எடுத்துவந்தார். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இதுல என் வலது நெஞ்சு எது?"

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. எந்தச் சன்னல் தாளின் எந்த இடத்திலிருந்து வெட்டப்பட்டது என்பது கேட் கோப்பில் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது. "மூணாவது சன்னல், மச்சான். முன்பக்கம் வலது."

மூன்றாவது சன்னல் வழியாக ட்யூப்லைட் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தேன்.

மறுநாள் அதை டாக்டரிடம் கொண்டு போக வேண்டும் என்றார். ஏதாவது கருவியில் ஏதாவது தெரியாதா என்று ஒரு நம்பிக்கை. மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. டாக்டர் கேனபியை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"யே க்யா ஹை?"

"புரானா எக்ஸ்ரே, சார்" என்றார் மச்சான். பழைய எக்ஸ்ரேயாம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். கேனபியைப் பார்த்தார். அதை விளக்குப் பெட்டி மேல் வைக்கப் பார்த்தார். அது மடிப்புகளில் நின்றுகொண்டு தட்டையாகப் படிய மறுத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊசிப் பரிசோதனைக்குத் தேதி எழுதினார். வேலையில் பிசிறில்லை என்று மட்டும் இந்தியில் சொன்னார்.

ஊசி குத்தியதில் நுரையீரலில் சிறிது காற்றுக் கசிந்து, ஒரே நாளில் திரும்ப வேண்டியவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முடிவு வர மேலும் ஒரு வாரம் ஆனது. அந்த நாட்களில் செல்வி என்னிடம் சாப்பாடு, சாவி இரண்டைப் பற்றி மட்டும் பேசினாள். மச்சான் கட்டிலில் உட்கார்ந்து, எந்த விமானம் யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எது என்று நான் கேட்கவில்லை. "ஒமக்கும் ஒண்ணு போட்டிருக்கேன், மாப்ள" என்று அவரே சொன்னார். "சன்னல் இல்லாதது."

முடிவு வந்தது. பழைய தழும்புதான். கையிலிருந்த ஒரு படம் சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை, ஒரு ஊசியும் நான்கு நாள் ஆஸ்பத்திரியும் ஒரு வாரத் தூக்கமின்மையும் சேர்ந்து சொல்லின. மச்சானுக்கு இப்போதும் மாடி ஏறினால் வலப்பக்கம் பிடிக்கிறது. ஊசியால்தானா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. என்னால் முடியும்.

அந்தக் கேனபியை அவர் மாற்றவில்லை. மழை விட்ட ஞாயிறுகளில் இப்போதும் அதே விமானத்தைத்தான் பறக்க விடுகிறார். புதிதாக வரும் ஆட்களிடம் என்னைக் காட்டி, தன் நெஞ்சைக் கழுவிக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை என்று இந்தியில் ஒருமுறை, மராத்தியில் ஒருமுறை சொல்வார். விமானம் மூக்குக் குத்தி இறங்கி யாராவது எடுக்க ஓடினால், "பாத்து எடுங்கடே, என் நுரையீரல்!" என்று கத்துவார். மைதானமே சிரிக்கும், தமிழ் தெரியாதவர்களும் சிரிப்பார்கள். தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களிடம் இதை முழுவதும் நடித்தே காட்டுவார், டாக்டர் குரல் உட்பட.

செல்வி அப்போது எழுந்து, எல்லோருக்கும் காபி போடப் போய்விடுவாள். அவள் இன்னும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.