இரண்டணாவுக்கு ஓர் ஊர்வலம்

கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசலாம், ஜட்காக்காரனிடம் பேசலாம், கல்யாணத் தரகரிடம்கூடப் பேசிப் பார்க்கலாம். நம் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவளிடம் மட்டும் பேரம் பேசக் கூடாது. எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. மயிலாப்பூரில் ஒரு சந்தே கூடி நின்று சிரித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போது யுத்த காலம். என் மனைவி மரகதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் காலை டியூட்டி, ஒரு நாள் மாலை டியூட்டி. நான் ஒரு கம்பெனியில் தற்காலிக குமாஸ்தா. (தற்காலிகம் என்றால், மானேஜர் தும்மினால்கூட வேலை போய்விட்டதோ என்று பயப்படுகிற உத்தியோகம்.) எங்கள் பிள்ளை சந்துருவுக்கு இரண்டு வயது. அவனைக் கச்சேரி ரோட்டுப் பக்கத்துச் சந்தில் மைமூனக்காவிடம் விட்டிருந்தோம். அவள் வீட்டில் எப்போதும் நாலைந்து பிள்ளைகள் உருண்டுகொண்டிருக்கும். அவள் கணவர் காதர் பாய், கல்யாண ஊர்வலங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவர்.

அக்காவின் சட்டம் இதுதான்: மாதம் நாலு ரூபாய். தீபாவளிக்குப் பிள்ளை வராவிட்டாலும் நாலு ரூபாய், ரம்ஜானுக்கு அவள் கதவைச் சாத்தினாலும் நாலு ரூபாய். தெருவில் விளக்கு வைத்த பிறகும் பிள்ளை அங்கே இருந்தால், அன்றைக்கு இரண்டணா தனி.

"நாங்க பண்டிகை கொண்டாடினாலும் நாங்கதான் கொடுக்கணும், நீங்க கொண்டாடினாலும் நாங்கதான் கொடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"பண்டிகை அன்னிக்கு எங்க வயிறு லீவு உடுதா சார்?" என்றாள்.

மரகதம் என் கையைக் கிள்ளினாள். ஒப்புக்கொண்டோம். (ஒப்புக்கொண்டாள் என்று சொல்வதே சரி.)

கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரில் இருட்டடிப்பு வந்தது. தெரு விளக்குகளை ஏற்றுவதில்லை. இரவு ஊர்வலங்கள் நின்றுபோக, காதர் பாயின் விளக்குகள் பரணில் ஏறின. அந்த வீட்டில் உலை வைக்க மைமூனக்காவின் கூலி ஒன்றுதான் மிச்சம். எங்கள் மானேஜரோ, எந்த வீட்டிலும் வெளிச்சம் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் அந்த வட்டாரத்துப் பெரிய வார்டன். அவரைக் காக்கா பிடிக்க நானும் வார்டனாகச் சேர்ந்தேன்; மைமூனக்காவின் சந்துதான் என் பொறுப்பு. இரும்புத் தொப்பி, விசில், காக்கி அரை நிக்கர். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால் ஜப்பான்காரனே பரிதாபப்பட்டுத் திரும்பியிருப்பான்.

வார்டன் பயிற்சி முடிந்து இருட்டிய பிறகு பிள்ளையை அழைக்கப் போனேன். அக்கா இரண்டணா கேட்டாள். அப்போதுதான் என் மூளை வேலை செய்து தொலைத்தது.

"விளக்கு வெச்ச பிறகுதானே இரண்டணா? தெருவுல எங்கேயாவது விளக்கு வெச்சிருக்கா, நீங்களே பாருங்க."

"இன்னா சார் நீ! கைய நீட்னா கை தெரியல. இது பகலா?"

"சர்க்கார் விளக்கு வைக்காத வரைக்கும் பகல்தான்."

சந்துருவைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நடந்தேன். மறுநாள் அந்தக் காசில் காபி சாப்பிட்டேன். அதன் பிறகு மரகதத்துக்கு மாலை டியூட்டி வருகிற நாளெல்லாம் இதே வழக்கு, இதே காபி. "அக்காவுக்குக் கொடுத்தாச்சா?" என்று மரகதம் கேட்பாள். "ஓ!" என்பேன்.

ஒரு நாள் மானேஜர் கூப்பிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் ஒரு துரை உன் பொறுப்புல இருக்கிற சந்துக்குச் சோதனை பண்ண வர்றார். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. நல்லபடியா நடந்தா உன்னைப் பெர்மனென்ட் பண்றேன்."

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். மைமூனக்காவிடமும் போனேன்.

"என் வேலையே இதுலதான் இருக்கு அக்கா. நாளைக்கு அகல் விளக்குகூட வேண்டாம்."

"அப்போ என் ரெண்டணா?"

"அதான் பகல்னு சொன்னேனே."

அவள் ஒன்றும் பேசவில்லை. மைமூனக்கா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று அங்கிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்து இருட்டியதும் சங்கு ஊதியது. சந்து முழுக்கக் கும்மிருட்டு. துரை தலையாட்டினார். மானேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் மனசுக்குள் பெர்மனென்ட் ஆகி, சம்பள உயர்வும் வாங்கிவிட்டேன்.

அப்போது 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். மைமூனக்கா வீட்டுக் கதவு திறந்தது. காதர் பாய் தலையில் ஒரு பெட்ரோமாக்ஸ், அவர் தம்பி தலையில் இன்னொன்று. பின்னால் பிள்ளைகள் வரிசை. நடுவில், என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைமூனக்கா. மாப்பிள்ளை ஒருவர்தான் குறை.

"சார்! வெளக்கு வெச்சாச்சு. நல்லா பாத்துக்கோ. அப்பால இல்லேன்னு சொல்லாதே!"

பதறிப்போய் விசிலை ஊதினேன். ஐயோ, ஊதியிருக்கவே கூடாது! "அப்பா விசில்! அப்பா விசில்!" என்று சந்துரு கை தட்டினான். ஏதோ கல்யாண ஊர்வலம் என்று சந்திலுள்ள ஜன்னலெல்லாம் திறந்தன. ஜன்னலுக்கு ஒரு விளக்கு. ஜப்பான்காரன் மேலிருந்து பேப்பரே படித்திருக்கலாம்.

"என்னய்யா இது?" என்று மானேஜர் கத்தினார்.

"நான் சொல்றேன் நைனா," என்று மைமூனக்கா முன்னால் வந்தாள். "இருட்டுனதுக்கு அப்பாலயும் புள்ளய பாத்துக்கினு கீறேன். வெளக்கு வெக்கல, அத்தொட்டு இது பகலு, துட்டு கெடையாதுன்றாரு. நீயே சொல்லு, இது பகலா?"

மானேஜர் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதனால் யாருக்கும் அபராதம் இல்லை. மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "எடுய்யா காசை!" என்றார். என் நிக்கரில் பையே கிடையாது.

அந்த நேரம் பார்த்தா மரகதம் டியூட்டி முடிந்து வர வேண்டும்! கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கேட்டாள். "கொடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?" என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாக்கி முழுவதையும் அக்காவின் கையில் வைத்து, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றாள். எனக்கு மானம் போய்விட்டது. காசு கைக்கு வந்த பிறகுதான் காதர் பாய் விளக்கை இறக்கினார்.

இரும்புத் தொப்பி அன்றே போயிற்று. வேலை பெர்மனென்ட் ஆக யுத்தமே முடிய வேண்டியிருந்தது. மறுநாள் காலை, பிள்ளையை இனி வாங்கிக்கொள்வாளோ மாட்டாளோ என்று தயங்கி நின்றேன். "துட்டு தராதது நீ. புள்ள இன்னா சார் பண்ச்சு? இங்க குடு," என்று கையை நீட்டினாள். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

எத்தனையோ வருடம் கழித்துச் சந்துருவின் கல்யாணம். சாயங்காலம் வரவேற்புக்கும் இருந்து வாசிக்க வேண்டுமானால் கூடக் கொடுக்க வேண்டும் என்றார் நாயனக்காரர். "காலைக்குப் பேசின தொகையிலேயே சாயங்காலமும் அடக்கம்தானே..." என்று நான் ஆரம்பித்தேன். முதல் வரிசையில், பட்டுப்புடவையும் வெற்றிலை வாயுமாக உட்கார்ந்திருந்த மைமூனக்கா குரல் கொடுத்தாள்:

"இன்னா சார், வெளக்கு கொண்டாரட்டா?"

மண்டபமே அதிர்ந்தது. மணவறையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த சந்துரு, புரோகிதர் அதட்டியும் கேட்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நான் சட்டைப்பையில் இருந்ததை அப்படியே எடுத்து நாயனக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.