கரையில் நான் உட்கார்ந்த காரணம்

திண்டிவனம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் பிரேம்குமாருக்கு,

ஆண்டவர் கிருபையால் அம்மா நலம். முழங்கால் நலம், ரத்த அழுத்தம் நலம், நீ விசாரிக்காத பூனையும் நலம். உன் நலமும் என் மருமகள் கலைப்பிரியாவின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் பேசினால் குறுக்கே பேசுகிறாய். ஆகவே கடிதம்.

நேற்று நீ அனுப்பிய செய்தியை நான்கு முறை படித்தேன். "இனிமே நீ எங்கயும் போகக்கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன். வீட்டைப் பூட்டிட்டு என்னோட ஓசூர் வந்துடு." உனக்குக் கையெழுத்துப் பழக்கிய எழுபத்திரண்டு வயதுக்காரிக்கு இப்படி ஓர் உத்தரவு. காரணம், யாரோ உனக்கு அனுப்பிய நாற்பது நொடி வீடியோ. அதில் கேரளத்து ஆற்றங்கரையில் உன் தாய் சேற்றில் உட்கார்ந்திருக்கிறாள், சுற்றி இருபது பேர் கத்துகிறார்கள். உட்கார்ந்திருந்தது நான்தான், மறுக்கவில்லை. ஏன் உட்கார்ந்தேன் என்பதை வீடியோ சொல்லாது.

நானும் பக்கத்து வீட்டுப் பிரபாவதியும், ஒலக்கூரிலிருந்து நமக்கு மல்லாட்டைக் கடலை கொண்டுவரும் கிளியம்மாளும் விழுப்புரத்தில் ரயிலேறி, வழியில் வண்டி மாறி, ஆலப்புழை போய்ச் சேர்ந்து, படகு வீட்டில் ஏறினோம். ஏறியவுடன் கிளியம்மாள் மாட்டிக்கொண்ட மிதவைச் சட்டையைச் சாப்பிடும்போதும் கழற்றவில்லை. படகை ஓட்டியவர் பெரியதம்பி என்ற ஐம்பது வயதுக்காரர், மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, கடலை விட்டு ஆற்றுக்கு வந்தவர். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் மாலை ஆறரை வரை படகுச் சவாரி என்று இருக்க, அவர் ஐந்தரைக்கே கரையில் கட்டினார். நான் தாளை நீட்டினேன். "ஆயா, இதுக்கு மேல ஆத்துல வலை போடுவாங்க. அவுங்க பொழப்பு மேல படகு உட முடியாது. பேப்பர உள்ள வைங்க" என்றார். ஆயா என்று கூப்பிட வேண்டாம், மேடம் என்றால் போதும் என்று திருத்தினேன். சரிங்க ஆயா என்றார்.

ஒரு மணி நேரம் வீணாகக் கூடாதே என்று பாயை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினோம். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவுக்கு நீயும் எங்களோடு வந்தவன்தான். மணலில் பாய் விரிப்போம், புளிசாதம் பிரிப்போம், கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடிப்போம். நம் பக்கத்தில் ஆறு என்றால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். கிளியம்மாளுக்குப் பழக்கம் விடவில்லை. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் நிற்க, "ஓடுற தண்ணில எவன் கால் கழுவுனானோ. எனக்கு ஊத்துத் தண்ணிதான்" என்று கொட்டாங்கச்சியால் தோண்ட ஆரம்பித்தாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இடத்தைக் காட்டியதே நான்தான். தண்ணீர் வந்தது. நாங்கள் பாராட்டினோம். அது நிற்காமல் வந்தது, வந்து மறுபக்கம் இறங்கியது. அந்த ஊரில் வயல் ஆற்றைவிடத் தாழ்வாக இருக்கும், அந்த மண்கரைதான் ஆற்றைத் தடுத்து நிற்கிறது என்பதை எந்த நிகழ்ச்சி நிரலும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொட்டாங்கச்சி அளவு குழி குடம் அளவு ஆயிற்று, அப்புறம் அண்டா அளவு. பெரியதம்பி ஓடி வந்தார். "அடப்பாவிங்களா, கரையவே நோண்டிட்டீங்களே. கீழ நூறு ஏக்கரு நெல்லு கதிரு வச்சி நிக்குது."

பிரபாவதி ஜெபமாலையை எடுத்தாள். கிளியம்மாள் மிதவைச் சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணித்தாள். அது மிதந்து போயிற்று. யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். நான் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓட்டையில் உட்கார்ந்தேன். தண்ணீர் நின்றது. எடையைக் குறைக்கச் சொல்லி என் ஒவ்வொரு பிறந்தநாளிலும் நீ செய்த உபதேசத்தை நான் மதித்திருந்தால் அந்த நெல் போயிருக்கும். களிமண்ணும் மூங்கிலும் கொண்டு ஆட்கள் வந்து அடைக்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. முதலில் எல்லோரும் திட்டினார்கள். பிறகு வயல்காரக் கிழவர் ஒருவர் சேற்றில் இறங்கி வந்து என் கையில் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். நான் எழப் பார்த்தேன். பெரியதம்பி தோளை அழுத்திச் சொன்னார்: "எந்திரிச்சிடாதீங்க ஆயா. இப்ப நீங்கதான் கரை." அப்போது நான் அவரைத் திருத்தவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. திரும்பும்போது ரயிலிலேயே, இந்த ஜென்மத்தில் இனிப் படகில் கால் வைப்பதில்லை என்று பிரபாவதியிடம் சொல்லிவிட்டேன். ஆகவே நீ தடை போட வேண்டிய அவசியமே இல்லை. ஓசூருக்கும் வரமாட்டேன். உன் ஒன்பதாவது மாடி வீட்டில் எனக்கு வேலை இல்லை. உன் அப்பா கட்டிய வீட்டில், என் சாவியோடு, நானே இருப்பேன்.

கலைப்பிரியாவுக்கு என் ஆசி. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் அதில் பாதியளவாவது பொறுமையும் அருள்வாராக.

உன் தாய்,
ஜெயம் இருதயராஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் செய்தியை ஐந்தாம் முறை படித்தேன். நான் போகாமல் இருந்தால் உனக்குக் கீழ்ப்படிந்ததாக ஆகிவிடும். உடனே பெரியதம்பிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை கிளம்புகிறோம், அதே ஆறு, அதே படகு. ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் வீடு பூட்டியிருக்கும். உன் சாப்பாட்டை நீயே பார்த்துக்கொள்; நான்காவது ஆளாகக் கலைப்பிரியா எங்களோடு வருகிறாள். அவளுக்கும் போன் செய்தேன், உடனே சரி என்றாள்; உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லையாம்.