மேடை காலி, பீரோவைத் திறக்காதே

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். அங்கே நீங்களும், உங்கள் முழங்காலும், அதைக் கவனிக்க வந்திருக்கும் உங்கள் தங்கையும் நலம்தானே? கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை என்றே அவளிடம் சொல்லி வையுங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

கிளம்பும்போது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் வர்றதுக்குள்ள சமையல் மேடைய சாமான் கடை ஆக்கிடாதீங்க!" பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அத்தனை வண்டிகளை விரட்டியவனுக்கு ஒரு மிக்சி எம்மாத்திரம்? ஓடாத வண்டி மேடையில் நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். மிக்சி அவளுடைய புடவை பீரோவுக்குப் போனது, துணைக்கு எண்ணெய் டப்பாவும் போனது, கரண்டிகளை வாஷிங் மெஷினுக்குள் போட்டு வைத்தேன், மகள் பார்க்காமல் துணியோடு சேர்த்துச் சுற்றவிட்டாள், கீழ் வீட்டுக்காரர் கட்டடம் இடிகிறது என்று செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். மகள் மேடையில் டம்ளர் வைத்தால் விசில் ஊதினேன். "அப்பா, டீ ஆறவாவது விடுங்கப்பா!" என்று கத்துகிறாள். காய் நறுக்கக்கூட மேடையைத் தர மனசு வரவில்லை, கட்டிலில் உட்கார்ந்து நறுக்கினேன், போர்வைக்கும் ஒரு வெட்டு விழுந்தது. ஆனால் மேடை? முகம் பார்த்து சவரம் பண்ணலாம்.

நேற்று பீரோவைத் திறந்தால் டப்பா சாய்ந்து கிடக்கிறது. நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த நீலப் புடவையில் கையகலத்துக்கு எண்ணெய். மிக்சியையும் டப்பாவையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சலவைக்காரரிடம் ஓடினேன். "இந்த வாரம் கை ஒழியல சார், அடுத்த வாரம் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார். புடவையை மடித்துப் பழையபடி பீரோவிலேயே வைத்திருக்கிறேன்.

மச்சான், மனசு விட்டுச் சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த வீட்டு வேலைக்கு அவள் வாயால் ஒரு 'பரவாயில்லை' கேட்டதில்லை. இந்தத் தடவை மேடையைப் பார்த்ததும் கேட்டுவிடலாம் என்று ஆசையாக இருந்தேன். அந்தக் கறையைப் பார்த்தால் எல்லாம் போச்சு. அதனால் தயவுசெய்து இன்னும் ஒரு வாரம் நொண்டுங்கள். புண்ணியமாகப் போகும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி. உங்கள் முழங்கால் மட்டும் நிதானமாகக் குணமாகட்டும்.

இப்படிக்கு,
உங்களையே மலைபோல் நம்பியிருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் உங்கள் தங்கை வாசலில் வந்து நிற்கிறாள். உங்கள் கால் முந்தாநாளே சரியாகிவிட்டதாமே! ஆகவே நொண்ட வேண்டாம். மேடையைப் பார்த்து, "அட, பரவாயில்லையே! பளபளன்னு வெச்சிருக்கீங்களே!" என்றாள், மச்சான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குளித்துவிட்டு வந்து அந்த நீலப் புடவையைத்தான் எடுத்துக் கட்டிக்கொண்டாள். கறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மேல் இவ்வளவு பிரியமா என்று நெகிழ்ந்து போனேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை உங்கள் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாளாம். அதை அனுப்ப அவசரமே இல்லை.