சில்வர் மை பூசிய கம்ப்யூட்டர்

ஒரு பொருளைக் கழற்றத் தெரிந்தவனுக்கு மாட்டவும் தெரியும் என்று நம்புகிற வயது ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த வயது கொஞ்சம் நீளமாகவே இருந்தது. (இன்னும் முடியவில்லை என்பது என் மனைவியின் கட்சி.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். சிவகாசியில் அப்பாவுக்குச் சின்ன அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்போம். முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் அதில் அக்கா செல்வி டிசைன் பழகுவாள். மதியம், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் கார் ரேஸ் ஓட்டுவேன். வாங்கும்போதே பழசாக வந்த மெஷின். வளைவு வந்தால் கார் அப்படியே நின்றுவிடும், பெட்டி தோசைக்கல்லாகக் கொதிக்கும். அதன் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பேன். அப்பா பனியனோடு வியர்த்துக்கொண்டிருப்பார்.

அந்த சீசனில் அக்காவுக்கு ஒரு பரீட்சை வந்தது. அதுவரை டிசைனை வெளியே கொடுத்துத்தான் வாங்கினோம். அவளே வரைந்த முதல் லேபிள், விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரின் மத்தாப்புப் பெட்டிக்கு. அவருக்குப் பிடித்தால் இனி டிசைன் வேலை முழுக்க அக்காவுக்கு. பிடிக்காவிட்டால் அவள் பழையபடி லேபிள் எண்ணிக் கட்டுப் போடப் போகவேண்டும். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

இங்கேதான் நான் தம்பிப் பாசத்தோடு உள்ளே நுழைந்தேன்.

“அப்பா, ஒரு ரேம் போட்டு, உள்ள இருக்க ஃபேனையும் மாத்திட்டா மெஷின் பறக்கும்ப்பா. அண்ணாச்சி முன்னால நின்னு போச்சுன்னா நமக்குத்தான் அசிங்கம்.” (கார் ரேஸ் என்ற சொல் என் வாயில் வரவே இல்லை.)

அப்பா சம்மதித்தார். அக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அண்ணாச்சி வருகிற அன்று காலையில் விருதுநகருக்கு பஸ் ஏறி ரேமும் ஃபேனும் வாங்கி வந்தேன். ரேம் ‘டக்’கென்று உட்கார்ந்தது. அதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ஃபேனைக் கழற்றினால், அடியில் பிராசஸர் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து கிடந்தது. அழுக்கு என்று நினைத்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுப் பளிச்சென்று துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான், சூட்டைக் கடத்த அங்கே ஒரு பசை இருக்கும் என்று விடுதியில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. கடைக்காரர் அதைக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி விருதுநகர் போய்வர நேரமில்லை. அந்தப் பசை சாம்பல் நிறம், கொழகொழவென்று இருக்கும். அலமாரியைப் பார்த்தால் சில்வர் மை டப்பா! லேபிளில் வெள்ளி நட்சத்திரம் அடிக்கிற மை. அதில் இருப்பது அலுமினியத் தூள். அலுமினியம் சூட்டைக் கடத்தாதா என்ன? (பிசிக்ஸில் நான் வாங்கிய மார்க்கை இங்கே கேட்கக் கூடாது.) கரண்டியால் அள்ளி, ரொட்டிக்கு ஜாம் தடவுவதுபோல் தடவி, புது ஃபேனை வைத்து அழுத்தினேன். நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தது. தாராளமாக இருப்பது நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார்.

“வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க. நம்ம பிள்ளையே வரைஞ்சிருக்கு” என்றார் அப்பா.

“அப்பிடியா! காட்டு தாயி, பாப்பம்.”

அக்கா சுவிட்சைப் போட்டாள். மெஷின் கிளம்பியது. நான் இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டேன். திரையில் லேபிள் மேலிருந்து மெல்ல இறங்கியது. மயிலின் கொண்டை தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அதற்குள் மையிலிருந்த வார்னிஷ் கருகும் வாடை. பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாகப் புகை. அப்புறம், “டப்!”

வேறு ஊராக இருந்தால் என்ன சத்தம் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் முதலில் ஓடுவோம், கேட்பதெல்லாம் அப்புறம். அண்ணாச்சியின் துண்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது. “எல்லாரும் வெளிய வாங்கலே!” என்ற அவர் குரல் தெருமுனையிலிருந்து கேட்டது. அச்சகத்து ஆட்கள், எதிர் டீக்கடை, டீ குடித்தவர்கள் எல்லாரும் அவர் பின்னால். அப்பா மட்டும் ஓடவில்லை. தீயணைக்க வாசலில் தொங்கிய சிவப்பு மணல் வாளியை உருவி, மணல் அத்தனையையும் கம்ப்யூட்டரின் திறந்த வயிற்றில் கொட்டினார். அடியில் மிச்சமிருந்ததை மானிட்டர் தலையிலும் தட்டினார்.

அக்கா வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த மயில் அந்த மணலுக்குள் கிடந்தது. கட்டுப் போடுகிற மேஜைக்கு அவளை நானே அனுப்பிவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அக்கா... மயிலு...” என்றேன்.

அக்கா மேஜை டிராயரைத் திறந்து ஒரு சி.டி.யை எடுத்தாள்.

“நீ ரேம்னு வாயத் தொறந்த அன்னைக்கே இதுல ஏத்திட்டேன்லே. ஒன்னைய எனக்குத் தெரியாதா?”

அடுத்த தெரு பிரவுசிங் சென்டரில் வைத்து மயிலை முழுசாகக் காட்டினாள். அண்ணாச்சி கதவை ஒட்டியே நின்றுகொண்டு, எட்டிப் பார்த்தார்.

“அம்புட்டும் நல்லாருக்கு தாயி. சில்வர் மட்டும் கொஞ்சம் கூடப் போடணும்.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இருபது வயதில் நான் குட்டி நாயாகச் சுருண்டது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து அச்சகத்தில் டிசைன் எல்லாம் அக்காதான். சில வருடம் கழித்து வந்த என் கல்யாணப் பத்திரிகையும் அவள் வரைந்ததே. எல்லார் பெயரும் மெரூன் நிறத்தில். மாப்பிள்ளை பெயர் மட்டும் சில்வரில், நாலு பக்கமும் பிதுங்கினாற்போல. இது ஏன் இப்படி என்று என் மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அது ஒண்ணுமில்ல சம்பந்தி,” என்றார் அப்பா. “பய சூடு தாங்கணும்ல.”